ஜெராக்ஸ் அக்காவும் ஒரு சாய்வுக் கோடும்

பொறியியல் கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், கொஞ்சம் சதை போட்டவர் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் என்கிற அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. வாசலில் பெயர்ப் பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், கடைக்காரியே வெளியே வந்து அண்ணாந்து பார்த்துத்தான் சொல்வாள். ஊருக்கெல்லாம் அது ஜெராக்ஸ் அக்கா கடை. அவ்வளவுதான்.

அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்பது அவளுக்கும் அவளுடைய சொந்த அக்காவுக்கும் இடையே இன்னும் தீராத வழக்கு. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள். பள்ளிக்கூடம்தான் தன்னை விட்டது என்பது அவள் கட்சி. ஆனாலும் முதல் வருஷத்துப் பிள்ளைகளின் படிப்பு மொத்தமும் அவள் கை வழியாகத்தான் போகிறது. பழைய வினாத்தாள், சீனியர்கள் விட்டுப்போன நோட்ஸ், சூத்திரச் சீட்டு, லேப் ரெக்கார்டு மாதிரி, எது வேண்டுமென்றாலும் அவளிடம் கேட்டால் கிடைக்கும். ஒரு வரி புரியாது. ஆனால் எந்தப் பக்கம் எந்தப் பாடம் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். கணக்கில் வளைந்து நெளிந்து ஒரு குறி வருகிறதே, அதனால் கணக்குக்குப் பெயர் பாம்பு. வேதியியல் தேன்கூடு. மின்சாரப் பாடம் ஸ்பிரிங். டிராயிங் பொம்மை. பிள்ளைகளும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

"அக்கா, மூணாவது யூனிட் பாம்பு ஒரு செட்."

"தரேன். நடுவுல ஒரு பக்கம் மங்கலா இருக்கும், பரவால்லையா?"

"எந்தப் பக்கம்கா?"

"பெரிய பாம்பு தலைமேல குட்டிப் பாம்பு ஏறி நிக்குதே, அது."

"ஐயோ, அதுதான்கா பரீட்சையில வரும்!"

"அப்ப ரெண்டு தரம் எடுத்துத் தரேன். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாரு, தெரியும்."

புதுப் பிள்ளைகள் சேரும் காலம் வந்தால் அக்கா மூட்டை போட ஆரம்பிப்பாள். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து, ஸ்பைரல் கம்பி போட்டு, ஒரே கட்டாக விற்பதற்குத்தான் மூட்டை என்று பெயர். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு வாசகம் இருக்கும்: 'பயப்படாதே. உனக்கு முன்னாடி பயந்தவங்க எல்லாம் பாஸ்.' நோட்ஸுக்காக வாங்குபவர்கள் பாதி, இந்த ஒரு பக்கத்துக்காக வாங்குபவர்கள் பாதி என்று மருந்துக் கடைக்காரர் சொல்வார். அவருக்கு வயிற்றெரிச்சல். தலைவலி மாத்திரை முன்போல விற்பதில்லையாம்.

மூட்டையோடு அக்கா இலவசமாகக் கொடுப்பது ஒன்று உண்டு. அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு ஒரு அண்ணன் கதை. கல்லூரியில் அப்படி ஒரு அண்ணன் படித்ததே இல்லை. அக்கா அந்த நிமிஷத்தில் பெற்றெடுப்பாள். கணக்கில் ஃபெயில் ஆனவனுக்கு, கணக்கில் நாலு தரம் ஃபெயில் ஆகி இப்போது பாலம் கட்டும் அண்ணன். பட்டறை வகுப்பில் விரலைச் சுத்தியலால் அடித்துக்கொண்டவனுக்கு, வாத்தியார் விரலையே அடித்துவிட்டு இப்போது ஃபேக்டரிக்கு மேனேஜராக இருக்கும் அண்ணன். பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு போகும்.

இப்படி ஊரார் பிள்ளைக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குச் சொந்த வீட்டிலேயே ஒரு வழக்கு வந்தது. அதற்குப் பெயர் சுண்டு.

சுண்டு அவளுடைய அக்கா மகள். ஆள் அரையடி குறைவாக இருப்பதால் தொட்டிலிலேயே விழுந்த பெயர். வீட்டில் டேபிள் ஃபேனைக் கழற்றுவாள், திரும்ப மாட்டுவாள். கடைசியில் ஒரு ஸ்குரூ மிச்சமாகும். ஃபேன் அது இல்லாமலேயே ஓடும். இப்படிப்பட்டவள் எஞ்சினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த மெஷின் கழட்டற படிப்பெல்லாம் எதுக்குடி? பேசாம டிகிரி முடிச்சுட்டு பேங்க் பரீட்சை எழுது" என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாள்: சித்தி வீட்டில் தங்கிப் படிக்கலாம், ஆனால் முதல் இன்டர்னல் பரீட்சையில் சரிப்பட்டு வரவில்லை என்றால் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

சரிப்பட்டு வரவில்லை. தேன்கூட்டில் ஃபெயில். பாம்பில் தொட்டுக்கோ துடைச்சுக்கோ. மிச்சமிருந்தது டிராயிங் ஒன்றுதான். அது சுண்டுவுக்கு உயிர். சாய்வு மேஜையில் தாளை ஒட்டி, டிராஃப்டர் என்கிற அளவுகோல் கருவியை மாட்டி, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு கோடு போட ஆரம்பித்தாள் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதில் மட்டும் நல்ல மார்க் வந்துவிட்டால் அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்று சித்தியும் மகளும் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்.

அதற்காக அக்கா ஒரு ஓரவஞ்சனையும் செய்திருந்தாள். போன வருஷம் படித்து முடித்துப் போன ஒரு பெண், தான் போட்ட டிராயிங் தாள்களை எல்லாம் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். பெரிய பெரிய தாள், அச்சுப் போலக் கோடு. அதை மெஷினில் வைத்துச் சின்னதாக்கி எல்லா மூட்டையிலும் சேர்த்துவிட்டாள். ஒரிஜினலை மட்டும் சுருட்டிச் சுண்டுவிடம் கொடுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. ஒரிஜினல் உனக்கு, நகல் ஊருக்கு."

"சித்தி, இது தப்பில்லையா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி. என் மெஷின்ல எடுத்தா ஒரிஜினலே வெக்கப்படும்."

டிராயிங் பரீட்சை முடிந்த அன்று மாலை, வகுப்பு மொத்தமும் கடை வாசலில் வந்து நின்றது. யாரும் எதுவும் வாங்க வரவில்லை. பரீட்சை முடிந்தால் விடையை ஒப்பிட்டுப் பார்த்து வயிற்றைக் கலக்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம் அக்கா கடைதான். சுண்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பைரலுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கூம்பு கேள்வியில சாய்வுக் கோடு போட்டியா?" என்றான் ஒருவன்.

"பின்ன? நுனியிலேர்ந்து தரை வரைக்கும். போடாம இருப்பேனா?"

"நானும் போட்டேன்பா, தப்பிச்சேன். கடைசி நிமிஷத்துல ஞாபகம் வந்துச்சு."

சுண்டுவின் கை துளை போடுவதை நிறுத்தியது. "எந்தச் சாய்வுக் கோடு?" என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் நாலு பென்சிலோடு ஒருவன் இருந்தான். வாத்தியார் தும்மினாலும் குறிப்பு எடுப்பவன். அவனுக்குப் பெயரே முதல் பெஞ்ச். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கூம்புக்கு வலது பக்கம் ஒண்ணு வரும் இல்ல? அது பார்வைக் கோடு. பாக்கறவனோட கண்ணுலேர்ந்து வர்றது. அது இல்லாட்டி பாதி மார்க் காலி."

"நீ போடலையா?" என்று ஒருத்தி பரிதாபமாகக் கேட்டாள். ஃபெயிலான சொந்தக்காரரிடம் விசாரிக்கிற குரல்.

சுண்டு துளை போட்ட தாளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் அவள் தட்டில் விரல் கோலம் போட்டதே தவிர ஒரு கவளம் உள்ளே போகவில்லை. வேன் ஓட்டும் சித்தப்பா வழக்கம்போலத் தன் தட்டிலேயே கண்ணாக இருந்தார். அக்காதான் ஆரம்பித்தாள்.

"இதுக்கெல்லாமா மூஞ்சிய தொங்கப் போடுவாங்க? ஒரு அண்ணன் இருந்தான். வட்டம் போடத் தெரியாம பரீட்சை ஹால்ல வளையலை வெச்சுப் போட்டான். இன்னிக்கி அவன் கப்பல் டிசைன் பண்றான்."

"சித்தி, போன வாரம் அதே அண்ணன் தேன்கூட்டுல ஃபெயிலாகி சிமென்ட் கம்பெனி வெச்சிருக்கான்னீங்க."

"அது அவன் தம்பி."

சித்தப்பாவுக்குப் புரை ஏறியது.

"எல்லாருக்கும் தெரிஞ்ச கோடு எனக்கு மட்டும் தெரியல" என்றாள் சுண்டு. "கெமிஸ்ட்ரி வரலேன்னா பரவால்ல, மேத்ஸ் வரலேன்னா பரவால்ல. டிராயிங்கும் வரலேன்னா அப்புறம் நான் எதுக்கு இங்க? அம்மா சொன்னது சரிதான். நாளைக்கி டிராஃப்டரைத் திருப்பிக் குடுத்துட்டு சாயங்கால பஸ்ஸுல கிளம்பறேன். லீவுக்கு இல்ல சித்தி. மொத்தமா."

அழுதிருந்தால் அக்காவுக்குக் கை வந்த கலை. இவள் அழவில்லை. 

காலையில் சுண்டு கடைக்கு வந்து ஒரிஜினல் தாள்களை மேஜைமேல் வைத்தாள். "வேற யாருக்காவது குடுங்க. வீணாக வேணாம்." சொல்லிவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா அந்தச் சுருளைப் பிரித்தாள். கூம்பு வரைந்த தாள் மேலாக இருந்தது. 'எங்கே அந்தப் பாழாய்ப்போன கோடு?' என்று தேடினாள். இல்லை. பக்கத்தில் கிடந்த மூட்டை ஒன்றை எடுத்துப் பொம்மைப் பக்கத்தைத் திறந்தாள். இருந்தது. கூம்பின் நுனியிலிருந்து வலது பக்கமாகத் தரை வரைக்கும், மெலிசாக, நேராக, முட்டுக் கொடுத்த கழி போல ஒரு கோடு. அக்காவுக்குப் பொம்மைப் பாடம் புரியாது. ஆனால் ஒரிஜினலில் இல்லாதது நகலில் இருந்தால் அது என்ன என்று தெரியும். அது அவள் தொழில்.

வெள்ளைத் தாள் ஒன்றை, பெரிய அளவு, மெஷினில் வைத்தாள். மூடினாள். அழுத்தினாள். வெளியே வந்த தாளில் ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்தது ஒரு கோடு. மூடியைத் தூக்கிக் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். கடைசி ஓரத்தில், பெரிய தாள் வைத்தால் மட்டும் எட்டுகிற இடத்தில், ஒரு கீறல். சின்னத் தாளில் எடுக்கிற பாம்பும் தேன்கூடும் அதன் பக்கமே போவதில்லை. மற்ற பொம்மைகளில் அது ஓரக் கட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. கூம்பில் மட்டும், அளவெடுத்தது போல, நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்காரருக்குப் போனைப் போட்டாள். "ஏங்க, லீவுல மெஷின் கண்ணாடியத் தொடச்சீங்களே, எதால தொடச்சீங்க?"

"துணியாலதான்."

"துணிக்குப் பல்லு இருந்துச்சா?"

வேன் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது. "பிசின் காஞ்சுபோய் இருந்துச்சு. பிளேடால லேசா..."

"லேசா! ஒரு வகுப்பையே கீறி வெச்சிருக்கீங்க!"

வைத்துவிட்டு யோசித்தாள். இது வெளியே தெரிந்தால் கடை கதி என்ன? தெரு மூலையில் புதிதாக ஒரு கடை வந்திருந்தது. ஏசி, கண்ணாடிக் கதவு, கலர் மெஷின், உள்ளே போனால் சென்ட் வாசனை. 'அக்கா மெஷின் தப்பா எடுக்குது' என்று ஒரே ஒருவன் சொன்னால் போதும், கூட்டம் அத்தனையும் வாசனை பிடிக்கப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு சுண்டுவிடம் மட்டும் சொல்லிவிடலாம். அதுதான் புத்திசாலித்தனம்.

"சுண்டு, இங்க வா. கோடு போடாததுதான்டி சரி. நீ மட்டும்தான் சரியா போட்டிருக்கே."

சுண்டு எழுந்து வந்து ஒரிஜினலைப் பார்த்தாள். நகலைப் பார்த்தாள். கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சித்தியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் கீறினீங்களா?"

அக்கா மெஷின் மூடியைச் சாத்தினாள். 

"என்னடி சொல்றே?"

"நீங்க செய்வீங்க சித்தி. எனக்கு சமாதானம் சொல்றதுக்காக உங்க மெஷினையே உடைப்பீங்க. அந்தப் பழைய மூட்டையிலகூட ஸ்கேல் வெச்சு நீங்களே கோடு இழுத்திருப்பீங்க." நகலைத் தள்ளி வைத்தாள். "வகுப்பே தப்பா? முதல் பெஞ்ச்கூட தப்பா? அவன் கோட்டுக்குப் பேரெல்லாம் சொல்றான்."

அண்ணன்களாகப் பெற்றுத் தள்ளியதற்குக் கூலி அன்று கிடைத்தது. முதல் தடவையாக உண்மை சொன்னாள், அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இனி இதைச் சுண்டு நம்ப வேண்டுமென்றால், பொய் சொல்லத் தெரியாத ஒருவர் சொல்ல வேண்டும். அப்படி ஒரே ஒருவர்தான் அந்தத் தெருவுக்குத் தெரிந்து இருந்தார். டிராயிங் சார். பிள்ளை நன்றாகப் போட்டிருந்தாலே 'சுமார்' என்பவர். கடை நோட்ஸைக் கண்டால் ஆகாது அவருக்கு. கடைச் சரக்கு என்றுதான் சொல்வார். அவரிடம் போய் இந்தக் கதையைச் சொல்வதும், கல்லூரி மைக்கில் சொல்வதும் ஒன்று.

மறுபடி படியில் போய் உட்கார்ந்துவிட்ட சுண்டுவின் முதுகை அக்கா பார்த்தாள். கடைக்குப் பாதி ஷட்டரை இழுத்துவிட்டு, ஒரிஜினல், நகல், வெறும் தாளில் விழுந்த கோடு, மூன்றையும் சுருட்டிக்கொண்டு பின்வாசலுக்குள் நுழைந்தாள்.

டிராயிங் ஹாலில் சாய்வு மேஜைகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. சார் ஒரு மூலையில் விடைத்தாள் மலைக்கு நடுவே, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தலைமுடியிலும் சாக்பீஸ் தூள்.

"சார், நான் எதிர்ல கடை..."

"தெரியும். ஜெராக்ஸ் அக்கா. என் பாடத்தைக் கூறு கட்டி விக்கறவங்க. உள்ள வாங்க, நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்." ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன கோடு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ஒருத்தன் ரெண்டு பேர் போட்டா பக்கத்துல பாத்து எழுதினான்னு விட்டுடலாம். மொத்த வகுப்பும் போட்டிருக்கு! நேத்துலேர்ந்து மண்டைய உடைச்சிட்டிருக்கேன். புக்கெல்லாம் புரட்டிட்டேன். மாடியில இருக்கற சாரைக்கூட கேட்டேன். அவர் சொல்றார், ஏதோ புது முறை வந்திருக்கும், நமக்குத்தான் வயசாயிடுச்சுன்னு."

"புது முறை எல்லாம் இல்ல சார்" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரர் பிளேடு."

மூன்று தாளையும் மேஜைமேல் விரித்தாள். சார் ஒன்றையொன்று மாற்றி மாற்றிப் பார்த்தார். வெறும் தாளில் விழுந்த கோட்டை எடுத்து நகலின் மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அக்கா, மனுஷன் அழுகிறாரோ என்று பயந்துவிட்டாள். சிரிப்பு. தலையிலிருந்து சாக்பீஸ் தூள் பறந்தது.

"நான்கூட என் டிகிரிய திருப்பிக் குடுத்துடலாமான்னு யோசிச்சேன்" என்று கண்ணைத் துடைத்தார்.

"பசங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். தப்பு மெஷினோடது."

"மெஷின் கோடு போட்டுச்சு. சரி. எதுக்குன்னு கேக்காம அதைப் போட்டது யாரு? அதை நான் பாத்துக்கறேன்." சட்டென்று நினைவு வந்தவர் போல அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினார். "இது ஒண்ணுலதான் கோடு இல்ல. சின்னதா ஒரு பொண்ணு, மேஜை எட்டாம நின்னுக்கிட்டே போடும்."

"எங்க அக்கா பொண்ணு சார்."

"ஒரிஜினல் அது கையில இருந்துச்சாக்கும்." சார் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தாள்.

"அது இன்னிக்கி சாயங்காலம் படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போகுது சார். இந்தக் கோட்டால. நீங்க ஒரு வார்த்தை சொன்னாதான் நிக்கும்."

"நீங்களே சொல்லலாமே?"

"என் வார்த்தைக்கு வீட்டுல மரியாதை கம்மி சார்."

"ஒண்ணு சொல்லிடறேன். நீங்க வந்து கேட்டீங்கன்னு மார்க் எல்லாம் ஏத்த மாட்டேன். அளவுகளைத் தலைகீழா எழுதி வெச்சிருக்கு."

"ஏத்தவே வேணாம் சார். உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

மதியம் டிராயிங் வகுப்பில் நடந்தது என்ன என்பதை அக்கா பிறகு பலர் வாயால் கேட்டாள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சலித்து எடுத்தால் நடந்தது இதுதான்.

சார் கரும்பலகையில் கூம்பு வரைந்தார். பக்கத்தில் சாய்வுக் கோட்டையும் வரைந்தார். "இது எதுக்கு?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்டார். வகுப்பு மொத்தமும் கூரையைப் பார்த்தது. முதல் பெஞ்ச் மட்டும் நிமிர்ந்து நின்றான்.

"பார்வைக் கோடு சார்."

"யாரு பார்வை?"

"பாக்கறவரோட பார்வை சார்."

"அவர் எங்க நிக்கறார்?"

"பேப்பருக்கு வெளிய சார்."

"அப்ப நீயும் கொஞ்ச நேரம் வெளிய நின்னு, அவரைப் பாத்தா கூட்டிட்டு வா."

வகுப்பு அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் சார் கடைசி வரிசையைக் கைகாட்டினார். டிராஃப்டரைத் திருப்பிக் கொடுக்க வந்த சுண்டு, போகிற வழியில் கடைசியாக ஒரு வகுப்பு என்று உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். எழுந்தும் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.

"நீ ஏன் போடல?"

"அங்க ஒரு கோடு வரணும்னு எனக்குத் தெரியாது சார்."

"இப்ப எல்லாரும் போட்டிருக்காங்க. இப்பப் போடுவியா?"

சுண்டு பலகையைப் பார்த்தாள். நாக்கு லேசாக வெளியே வந்தது. இடி விழுந்தாலும் தெரியாத முகம். வகுப்பு காத்திருந்தது.

"மாட்டேன் சார்."

"ஏன்?"

"கூம்பு அடிப்பாகத்துல நல்லா உக்காந்திருக்கு. அதுக்கு எதுக்கு முட்டு?"

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். அவளுடைய விடைத்தாளை எடுத்து வகுப்புக்குக் காட்டினார். "இந்த வகுப்புல ஒரே ஒரு ஆள்தான் சரியா போட்டிருக்கு. அதுவும் அளவைத் தலைகீழா எழுதி வெச்சிருக்கு. சுமார்தான்." பிறகு கண்ணாடிக் கீறல் கதையைச் சொன்னார். மற்ற எல்லோரும் அதே கூம்பை மறுபடி போட வேண்டும், இந்தத் தடவை ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் அது எதற்கு என்று எழுத வேண்டும் என்றார்.

கடைக்கு முதலில் ஓடி வந்தது சுண்டுதான். மூச்சு வாங்கியது.

"சித்தி, அப்ப நீங்க நெஜமாவே கீறலையா?"

"கீறினது உங்க சித்தப்பா. நான் பொய்தான்டி சொல்லுவேன், பிளேடெல்லாம் எடுக்க மாட்டேன்."

சுண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அரையடி குறைவு என்பதால் கட்டியது என்னவோ இடுப்பைத்தான். அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்தது. டோனர் தூள் என்றாள்.

"பையில மடிச்சு வெச்ச துணியெல்லாம் கசங்கிடும். மொதல்ல போய் அதை எடுத்து வெளிய வை."

அவள் பின்னாலேயே வகுப்பு வந்தது. இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்க்க வரவில்லை.

"அக்கா, எங்க மார்க்கத் திருப்பிக் குடுங்க!"

"பயப்படாதேன்னு முதல் பக்கத்துல எழுதினீங்களே, இதுக்குத்தானா?"

"ஏன்டா, நான் எட்டாவது. எனக்கு அது கோடா கீறலான்னு தெரியாது. நீங்கல்லாம் எஞ்சினியரு. ஒருத்தனுக்காவது எதுக்குன்னு கேக்கத் தோணுச்சா?" அக்கா ஒரே போடாகப் போட்டாள். ஆனாலும் பொம்மைப் பக்கங்களைக் கண்ணாடி மாற்றியதும் எல்லோருக்கும் காசு வாங்காமல் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

முதல் பெஞ்ச் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே நிற்க வைத்த அவமானம். "நான் இனிமே மூலைக் கடையிலதான் வாங்குவேன்" என்று முறைத்துக்கொண்டு போனான். அக்கா பயந்தது நடக்கத் தொடங்கியது. அவன் பின்னால் இன்னும் சிலர் போனார்கள்.

போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். கையில் பளபளவென்று கலர் அட்டை போட்ட புத்தம் புது மூட்டை. டிராயிங் பக்கத்தைத் திறந்து நீட்டினான். கூம்பு. பக்கத்தில் சாய்வுக் கோடு. மூலைக் கடைக்காரர் அக்காவின் மூட்டையில் ஒன்றை வாங்கி, அதை அப்படியே நகலெடுத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"ஏசியில எடுத்தாலும் அதே கோடுதான் வருது பாத்தியா" என்றாள் அக்கா. சிரிக்காமல் சொல்வதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த வாரத்தில் ஒரு நாள் டிராயிங் சாரே கடைக்கு வந்தார். ஒருக்களித்து நுழைந்தார். கடைச் சரக்கு விற்கும் கடைக்குள் அவர் கால் வைத்ததை மருந்துக் கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்.

"கண்ணாடி மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் சார். இப்ப துடைச்சாலும் துணிதான்."

"நல்லது. ஆனா எனக்குக் கோடு போட்ட படங்கள் வேணும்" என்றார் சார். "ஒவ்வொரு படத்துலயும் ஒரே ஒரு கோடு அனாவசியமா இருக்கணும். எந்தக் கோடு, ஏன் வேணாம்னு பசங்க கண்டுபிடிக்கணும். நான் போட்டா என் கை பழக்கம், சரியாவே போட்டுடறேன். தப்பாப் போட ஆள் வேணும். உங்க அக்கா பொண்ணு போடுமா?"

அன்று மாலை சுண்டு கடையின் உள் மூலையில் தாளை விரித்து, நாக்கை நீட்டிக்கொண்டு, பட்டகத்துக்கும் உருளைக்கும் வேண்டாத கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தால் சத்தியமாக அங்கே இருக்க வேண்டிய கோடு என்று தோன்ற வேண்டும், ஆனால் தேவையே இருக்கக் கூடாது. அது லேசுப்பட்ட வேலை இல்லை. முதல் பெஞ்ச் எதிரில் நின்று, "இது சரியான கோடுதானே?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். "நீயே கண்டுபிடி" என்று தலை நிமிராமல் சொன்னாள்.

அப்போது அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அக்கா எடுத்தாள்.

"என்னடி, பரீட்சையெல்லாம் முடிஞ்சுதே, எப்பக் கிளம்பறா? பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பணுமா, வேணாமா?"

"வேணாம்கா. வரமாட்டா."

"ஏன்? டிராயிங்ல நல்ல மார்க்கா?"

"சுமார்."

"அப்புறம் என்ன? நிபந்தனை என்ன ஆச்சு?"

"அவங்க சார் சுமார்னு சொன்னா அது பெரிய மார்க்குக்கா. அதுவும் இல்லாம அவளுக்கு இங்க வேலை குடுத்திருக்காங்க."

"முதல் வருஷத்துலயே வேலையா! என்ன வேலை?"

அக்கா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். உருளையின் தலையில் மெலிசாக, நேராக, ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"தப்பா கோடு போடற வேலை."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அதை இங்க வீட்டுலயே நல்லா செய்வாளேடி" என்றாள் அவள் அம்மா. "சரி, இருக்கட்டும். சாப்பிட்டாளான்னு கேளு."